பச்சை இலையும் நானோ துகளும்

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளச் சோறும் சில மாதங்களுக்கு முன்னர் சூரிய ஒளியாக வயல்வெளியில் பொழிந்துகொண்டிருந்தது. நெற்பயிரின் இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சித் தந்த நீரையும் அந்த ஒளியின் ஆற்றலால் இணைத்து மாவுப்பொருளாக மாற்றியது. அந்த மாவே கதிரில் பால் பிடித்து, முற்றி, அரிசியாகி, நம் இல்லத்துப் பானைக்கு வந்து சேர்ந்தது. 'ஒளிச்சேர்க்கை' என்று பள்ளிப் புத்தகங்கள் குறிப்பிடும் இந்தச் செயல் ஓசையின்றி, புகையின்றி, ஒவ்வொரு பச்சை இலையிலும் பகல் முழுதும் நடைபெறுகிறது. படைத்தவன் இலைக்குள் அமைத்த இந்த அடுக்களை அணைந்துபோனால், உலகில் வேறெந்த அடுக்களையிலும் அடுப்பெரியாது.

இந்த இலை அடுக்களைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களைச் செலுத்தி, அதன் வேலையை விரைவுபடுத்த முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். 'நானோ' என்னும் சொல் இன்று ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, உரக்கடையின் அலமாரி வரை வந்துவிட்டது. உழவர் குடும்பங்கள் மட்டுமன்றி, மாடியில் தொட்டி வைத்துக் கீரையும் தக்காளியும் வளர்க்கும் இல்லத்தரசிகளும் இச்சொல்லைச் சந்திக்கின்றனர். இத்துகள்கள் உண்மையில் என்ன செய்கின்றன? ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது எது? வயலில் இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டியது எது? இவற்றைப் பிரித்தறிந்துகொள்வது நம் கையிலுள்ள காசுக்கும், நாம் உண்ணும் உணவுக்கும் நலம் பயக்கும்.

இலை எடுத்துக்கொள்ளும் பங்கு

சூரியன் வாரி வழங்கும் ஆற்றலில் பயிர் எடுத்துச் சேமிப்பது மிகச் சிறிய பங்கே. பெரும்பாலான பயிர்கள் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கையே தம் உடலில் பொருளாகச் சேர்த்து வைக்கின்றன. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கீட்டின்படி, எல்லாம் சரியாக அமைந்தாலும் நெல், கோதுமை போன்ற பயிர்கள் எட்டக்கூடிய உச்ச அளவு 4.6 விழுக்காடு, கரும்பு, மக்காச்சோளம் போன்றவை எட்டக்கூடியது 6 விழுக்காடு.

மீதி ஆற்றல் எங்கே போகிறது? சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, பச்சையத்தால் பயன்படுத்த இயலாத கதிர்களாக வருகிறது. இலை பயன்படுத்தக்கூடிய ஒளியிலும் பச்சை நிறத்தின் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதே அதனால்தான். உச்சி வெயிலிலோ நிலைமை நேர்மாறானது. அப்போது இலையால் கையாள முடியாத அளவுக்கு ஒளி வந்து குவிகிறது. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனைச் சீண்டி, தீங்கு செய்யும் வடிவங்களாக மாற்றிவிடுகிறது. அவை இலையின் புரதங்களையே தாக்குகின்றன. இவ்வாறு, ஒளி குறைந்தாலும் பயிருக்கு இழப்பு. ஒளி மிகுந்தாலும் இழப்பு.

இந்த இரண்டு இழப்புகளையும் குறைக்க முடிந்தால், அதே நிலத்தில், அதே நீரில் விளைச்சல் கூடக்கூடும். நானோ ஆய்வாளர்களை ஈர்த்த வாய்ப்பு இதுதான்.

நானோ என்பது எத்துணைச் சிறிது?

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே நானோ துகள்கள் என்கிறோம்.

சிறிதாவதால் என்ன மாற்றம் நேர்கிறது என்று சிலர் வினவலாம். கல்கண்டுக் கட்டி ஒன்றைத் தேநீரில் இட்டால் அது கரைய நேரமாகிறது. அதையே இடித்துப் பொடியாக்கி இட்டால் உடனே கரைந்துவிடுகிறது. பொருள் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். ஆனால் பொடியாகும்போது நீர் தொடக்கூடிய மேற்பரப்பு பன்மடங்கு பெருகிவிடுகிறது. நானோ துகளில் இந்தப் பெருக்கம் மிகப் பெரியது. அதனால் வேதியியல் வினைகள் விரைவடைகின்றன. ஒளியை ஏற்கும் தன்மையும் மின்னோட்டத்தைக் கடத்தும் தன்மையும்கூடச் சில பொருள்களில் மாறிவிடுகின்றன. அத்துடன், பெரிய துகள்கள் நுழைய முடியாத இடங்களில் இவை நுழைந்துவிடுகின்றன.

ஒன்றை மட்டும் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கல்கண்டைப் பொடியாக்கியதால் அது விரைவில் கரைந்ததே தவிர, இனிப்பின் அளவு கூடிவிடவில்லை. கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்குத் தேவைப்படும்.

இலைக்குள் நுழைந்த கரிமக் குழாய்கள்

ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா 1991-ஆம் ஆண்டு கார்பன் நானோகுழாய்களைப் பற்றி எழுதியபோது உலகின் கவனம் அவற்றின்மேல் திரும்பியது. கரிமத்தின் மெல்லிய ஏட்டைச் சுருட்டியது போன்ற வடிவம் கொண்டவை இவை. ஒற்றைச் சுவர் கொண்ட குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்தான். பச்சையம் விட்டுவிடும் கதிர்கள் சிலவற்றையும் ஏற்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோ, தாவரவியல் அறிஞர் ஹுவான் பாப்லோ ஹிரால்டோ ஆகியோர் அடங்கிய குழு, 2014-ஆம் ஆண்டு இத்துறையில் பெரிதும் பேசப்பட்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டது. ஒளிச்சேர்க்கை நடைபெறும் கூடமான பசுங்கணிகத்தை இலையிலிருந்து பிரித்தெடுத்து, அதற்குள் இந்தக் குழாய்களைச் செலுத்தினர். பசுங்கணிகங்கள் மிகச் சிறியவை; ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூறு முதல் இருநூறு வரை வரிசையாக அடுக்கலாம். அதைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறையும் உண்டு. மின்னூட்டம் மிக்க பொருள்களால் போர்த்தப்பட்ட நுண்துகள்கள் அந்த உறையை ஊடுருவி உள்ளே சென்று தங்கின.

ஒளி இலையில் பட்டதும் எலக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்லும். இந்த ஓட்டமே ஒளிச்சேர்க்கையின் முதற்கட்டம். குழாய்கள் பொருத்தப்பட்ட பசுங்கணிகங்களில் இவ்வோட்டம் 49 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பின்னர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் இலை அடிப்புறத்தில் இக்கரைசலைச் செலுத்தினர். கரைசல் இலைத்துளைகளின் வழியாக உள்ளே சென்றது. உயிருள்ள அந்த இலைகளிலும் எலக்ட்ரான் ஓட்டம் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது.

இச்செய்தி வெளியானதும் 'தாவரங்களின் ஆற்றல் 30 விழுக்காடு கூடிவிட்டது' என்ற வகையில் பலரும் புரிந்துகொண்டனர். ஆய்வாளர்கள் அவ்வாறு கூறவில்லை. கூடிய எலக்ட்ரான் ஓட்டம் சர்க்கரை உற்பத்தியை எவ்வளவு கூட்டுகிறது என்பதை இனிமேல்தான் கண்டறிய வேண்டும் என்றே அவர்கள் தெரிவித்தனர். மாவரைக்கும் இயந்திரத்தின் மோட்டார் விரைந்து சுழல்வது வேறு, மாவு கூடுதலாக விழுவது வேறு. முதலாவதை அவர்கள் அளந்தனர், இரண்டாவதை அளக்கவில்லை. வயலில் விளையும் நெல்லோ கோதுமையோ அந்த ஆய்வில் இடம்பெறவுமில்லை.

வெயிலைத் தாங்க ஒரு காவல்

ஒளி மிகுவதால் நேரும் இழப்பைக் குறைக்க சீரியம் என்னும் உலோகத்தின் ஆக்ஸைடு துணை நிற்கிறது. சீரியம் இருவேறு மின்னூட்ட நிலைகளில் மாறி மாறி இருக்க வல்லது. அதனால் தீங்கான ஆக்சிஜன் வடிவங்களை அது அடக்கிவிட்டு, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்ததையும் அடக்குகிறது.

கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஹிரால்டோவின் குழு 2017-ஆம் ஆண்டு இதனைச் சோதித்தது. எதிர்மின்னூட்டம் கொண்ட, ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுள்ள சீரியம் ஆக்ஸைடு துகள்களை அராபிடாப்சிஸ் இலைகளில் செலுத்தி, அவற்றைக் கடும் ஒளிக்கும், வெப்பத்துக்கும், குளிருக்கும் உட்படுத்தினர். துகள் ஏற்காத செடிகளோடு ஒப்பிடுகையில், இச்செடிகள் காற்றிலிருந்து கரியமிலத்தைக் கைக்கொள்ளும் வேகம் 67 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தது. கோடையின் கொடுமை ஆண்டுதோறும் பெருகிவரும் இக்காலத்தில் இது நம்பிக்கையூட்டும் செய்தியே. எனினும் இந்த எண்ணும் துன்பத்துக்கு உள்ளாக்கப்பட்ட செடிகளுக்கு உரியது என்பதை மறத்தலாகாது.

விதைகளிலும் சோதனைகள் நடந்துள்ளன. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் லிட்டில் ராக் வளாகத்தில் மரியா கோடகோவ்ஸ்காயாவும் பிறரும் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மைக்ரோகிராம் வரை கார்பன் நானோகுழாய் கலந்த ஊடகத்தில் தக்காளி விதைகள் விரைவில் முளைத்தன. குழாய்கள் விதையின் தோலைத் துளைத்துச் சென்றதால், நீர் எளிதில் உட்புகுந்தது என்று அவர்கள் விளக்கினர். சீனத்தின் சூச்சோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டிலேயே, டைட்டானியம் டை ஆக்ஸைடின் நானோ துகள்கள் பழைய பசலைக்கீரை விதைகளின் முளைப்பையும், கீரையின் பச்சையத்தையும், ஒளிச்சேர்க்கையையும் கூட்டியதாக எழுதினர். அதே பொருளின் பெரிய துகள்கள் குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை.

அளவு மீறினால்

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டு, 'அப்படியாயின் தாராளமாகத் தெளித்துவிடலாமே' என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இத்துகள்களுக்கு முற்றிலும் பொருந்தும்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டு முள்ளங்கி, வெள்ளரி, மக்காச்சோளம் உள்ளிட்ட ஆறு வகைத் தாவரங்களின் விதைகளை நானோ துகள் கலந்த நீரில் முளைக்க வைத்தனர். துத்தநாக ஆக்ஸைடின் நானோ துகள்கள் ஒரு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் இருந்தபோது, வேர் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போயிற்று. முள்ளங்கியின் வேர் வளர்ச்சியைப் பாதியாகக் குறைப்பதற்கு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவே போதுமானதாக இருந்தது. துத்தநாகம் பயிருக்குத் தேவையான நுண்ணூட்டச் சத்து என்பது உழவர் அறிந்ததே. தேவையான சத்தும் அளவு மீறும்போது நஞ்சாகிறது.

இன்னும் கருதத்தக்கது 2012-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஆய்வு. சோயா மொச்சையை நானோ துகள் கலந்த மண்ணில் விதைத்து, காய் முற்றும் வரை வளர்த்தனர். சீரியம் ஆக்ஸைடு கலந்த மண்ணில் பயிரின் வளர்ச்சியும் விளைச்சலும் குறைந்தன. அளவு கூடியபோது, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தை ஈர்த்துத் தரும் பணி நின்றுவிட்டது. துத்தநாக ஆக்ஸைடு கலந்த மண்ணில் வளர்ந்த செடிகளிலோ, துத்தநாகம் இலையிலும், நாம் உண்ணும் பருப்பிலும் சேர்ந்திருந்தது.

இலைக்குள் காவலாளியாக நின்ற அதே சீரியம், மண்ணில் கலந்தபோது வேருக்குப் பகையாயிற்று. எந்தப் பொருள், எந்த அளவு, எந்த உறுப்பில், எந்தப் பயிருக்கு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தெரியாமல் 'நானோ நல்லது' என்றோ 'நானோ தீது' என்றோ தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. இந்திய அரசு 2020-ஆம் ஆண்டு நானோ வேளாண் இடுபொருள்களையும் உணவுப் பொருள்களையும் மதிப்பிடுவதற்கென்று தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதன் காரணமும் இதுவே.

அரை லிட்டர் பாட்டிலும் ஒரு மூட்டை யூரியாவும்

ஆய்வுக்கூடத்திலிருந்து இனி உரக்கடைக்கு வருவோம். நம் நாட்டில் நானோ என்ற பெயரில் உழவரிடம் பரவலாகச் சென்றடைந்த பொருள் நானோ யூரியா. ஒளிச்சேர்க்கைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் புரதமும் நைட்ரஜனால் ஆனதே. அதனால்தான் தழைச்சத்துக் குறைந்த பயிர் வெளிறி மஞ்சளாகிறது.

வழக்கமான யூரியாவில் பெரும் குறை ஒன்று உண்டு. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் 30 முதல் 40 விழுக்காடு அளவே பயிருக்குச் சேர்கிறது. மீதி காற்றில் ஆவியாகப் போகிறது. அல்லது நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலை இழக்க நேரிடும். ஆகவே யூரியாவைக் குறைக்க வழி தேடுவது மிகவும் தேவையான முயற்சி. அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

கூட்டுறவு உர நிறுவனமான இஃப்கோ, 2021-ஆம் ஆண்டு மே மாதம் திரவ நானோ யூரியாவை அறிமுகம் செய்தது. அரை லிட்டர் பாட்டில் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்கு ஈடாகும் என்று கூறப்பட்டது. ஒரு லிட்டர் நீருக்கு 2 முதல் 4 மில்லிலிட்டர் வரை கலந்து இலையில் தெளிக்க வேண்டும். ஏறத்தாழ 11,000 உழவர் வயல்களில், 94 பயிர்களில் சோதித்து, சராசரியாக 8 விழுக்காடு விளைச்சல் உயர்வு கண்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது.

இப்பொழுது தராசை எடுப்போம். அறிமுகமான நானோ யூரியாவில் இருந்த தழைச்சத்து 4 விழுக்காடு. அதாவது 100 மில்லிலிட்டரில் 4 கிராம். அரை லிட்டரில் 20 கிராம். யூரியா மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோவுக்கு அது 20.7 கிலோகிராம். ஒன்றுக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் வேறுபாடு.

'யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறதே, நானோ யூரியா வீணாவதில்லையே' என்பது விற்போரின் விடை. சரி, அதையும் கணக்கிடுவோம். மூட்டை யூரியாவில் 30 விழுக்காடு மட்டுமே பயிருக்குச் சேர்கிறது என்று கொண்டாலும் அது 6 கிலோவுக்கும் மேல். பாட்டிலில் உள்ளது ஒரு துளியும் வீணாகாமல் முழுதும் சேர்ந்தாலும் 20 கிராம். ஒரு டன் கோதுமை மணிகளில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. ஆகவே 20 கிராம் என்பது ஒரு கிலோ கோதுமையில் உள்ள அளவு. நாம் முன்னர் கண்ட கல்கண்டு இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். துகளைச் சிறிதாக்குவது விரைவைத் தரலாம். இல்லாத சத்தைத் தராது. 2024-ஆம் ஆண்டில் 20 விழுக்காடு தழைச்சத்துடன் நானோ யூரியா பிளஸ் அறிவிக்கப்பட்டது. அரை லிட்டருக்கு அது 100 கிராம். மூட்டையில் உள்ளதில் இருநூறில் ஒரு பங்கு.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் பிராங்க், சோரன் ஹுஸ்டெட் ஆகிய இரு அறிஞர்களும் 2023-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், விளம்பரக் கூற்றுகளுக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று வாதிட்டனர். லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் ஈராண்டுகள் கள ஆய்வு நடத்தியது. வழக்கமான யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நானோ யூரியா தெளித்தபோது, கோதுமை விளைச்சல் 21.6 விழுக்காடும் நெல் விளைச்சல் 13 விழுக்காடும் குறைந்தன. தானியத்தில் தழைச்சத்தின் அளவும் குறைந்தது. தழைச்சத்துக் குறைந்தால் புரதம் குறைந்தது என்று பொருள். வயலில் தொடங்கும் இக்குறை, வீட்டில் குழந்தையின் தட்டில் வந்து முடிகிறது.

இலைவழிச் சத்து அளிப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டாம். உளுந்து, பச்சைப்பயறு பூக்கும் தருணத்தில் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது தமிழக உழவர் நன்கறிந்த வழக்கம்தான். ஆனால் அது அடியுரத்துக்குத் துணையே தவிர மாற்று அன்று. துணையை மாற்று என்று நம்பி மூட்டையை முற்றிலும் கைவிடும்போதே இழப்பு நேர்கிறது. அவ்விழப்பைத் தாங்குவது பெரும்பண்ணைக்கு எளிதாகலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டு முழுவதற்குமான அரிசியையும், மகளின் படிப்புச் செலவையும் எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அது பேரிழப்பு.

இலங்கையில் ஒரு வேறு வழி

நானோ அறிவியலைக் கொண்டே இச்சிக்கலை வேறு விதமாக அணுகியவர்களும் உண்டு. இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தில் நில்வலா கோத்தேகொடவும் சகாக்களும் நிகழ்த்திய ஆய்வு 2017-ஆம் ஆண்டு வெளிவந்தது. எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ராக்சி அபடைட் என்னும் பொருளை நானோ துகள்களாக்கி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு என்ற அளவில் யூரியாவை அதனுடன் பிணைத்தனர். இவ்வாறு பிணைக்கப்பட்ட யூரியா உடனே கரைந்தோடாமல், சிறிது சிறிதாக மண்ணில் இறங்கியது. உழவர் வயல்களில் நெல்லுக்கு இதனை இட்டபோது, பாதி யூரியாவிலேயே கூடுதல் விளைச்சல் கிடைத்ததாக அவர்கள் தெரிவித்தனர்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் உற்று நோக்க வேண்டும். இங்கே சத்து கிலோக் கணக்கில் இருக்கிறது. வீணாவதை மட்டுமே நானோ துகள் தடுக்கிறது. பாதிக்கு மேல் வீணாகும் ஓர் உரத்தில் வீணாவதைத் தடுத்தால், பாதி அளவே போதும் என்பது கணக்குக்கு ஒத்து வருகிறது. நானோ அறிவியல் மெய்யா பொய்யா என்னும் வழக்கு நமக்கு வேண்டியதில்லை. சொல்லப்படும் கூற்று தராசில் நிற்கிறதா என்பதே நாம் காண வேண்டியது.

நாம் செய்யத்தக்கவை

சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கும் பழக்கம் நம் தாய்மார்களுக்கு உண்டு. அதே விழிப்பு உரக்கடையிலும் வேண்டும். நானோ என்ற பெயரில் எதை வாங்கினாலும் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நன்று.

முதலாவது, பாட்டிலின் மேலட்டையில் சத்தின் அளவு எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அதைக் கிராமில் கணக்கிடுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே கணக்கிட்டுச் சொல்வர். பின்னர், அது எதற்கு மாற்று என்று சொல்லப்படுகிறதோ அதிலுள்ள சத்தோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, 'ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது' என்று கூறினால், எந்தப் பயிரில், எங்கே, எது அளக்கப்பட்டது என்று கேளுங்கள். இலையின் எலக்ட்ரான் ஓட்டமா, செடியின் உயரமா, களத்தில் எடை போட்ட தானியமா? இவை மூன்றும் ஒன்றல்ல. அறுவடையின் எடை ஒன்றே குடும்பத்துக்குச் சோறு போடும்.

மூன்றாவது, புதிய பொருளை முழு வயலிலும் ஒரே முறையில் பயன்படுத்தாதீர்கள். ஐந்து சென்ட் அளவில் மட்டும் தெளித்து, பக்கத்திலேயே அதே அளவு நிலத்தைப் பழைய முறைப்படி விட்டுவையுங்கள். அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே அடித்து எடை போடுங்கள். மாடித் தோட்டமாயின் நான்கு தொட்டிக்குத் தெளித்து, நான்கை விட்டுவைத்தால் போதும். இரண்டு பருவம் இவ்வாறு செய்தால், எந்த விளம்பரமும் சொல்லாத உண்மையை உங்கள் நிலமே சொல்லிவிடும்.

நான்காவது, சொன்ன அளவுக்கு மேல் ஒருபோதும் கலக்க வேண்டாம். தெளிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நுண்துகள்கள் மூச்சுக்காற்றுடன் உட்செல்லக்கூடியவை. தெளிப்பானைக் கழுவிய நீரைக் குளத்திலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பாட்டிலை வையுங்கள்.

ஐந்தாவது, ஐயம் எழுந்தால் வட்டார வேளாண்மை அலுவலரை அணுகுங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்கென்றே தனித் துறை இயங்குகிறது. விற்பவரிடம் மட்டுமே கேட்டு முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

இலைக்குள் நுழைந்து ஒளியை ஏந்தும் குழாயும், வெயிலின் தீங்கை அடக்கும் துகளும் மனித அறிவின் அரிய முயற்சிகள். நம் பிள்ளைகள் அவற்றை ஆர்வத்துடன் கற்க வேண்டும். அவர்களில் சிலர் நாளை அந்த ஆய்வுக்கூடங்களில் பணியாற்றவும் வேண்டும். அதுவரை, கடையில் கைக்கு வரும் பாட்டிலைப் பொறுத்தவரை, ஒரு தராசும், ஒரு காகிதமும், எழுதுகோலும் நம் வீட்டில் இருக்கட்டும். அடுத்த பருவத்துக்கு உரம் வாங்கச் செல்லும் முன்னர் குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.